அடைப்புக்குறிக்குள் ஒரு பழகுநன்

1

சில மாதங்களுக்கு முன் ஓசூரில் நண்பர்கள் கூட்டிய சிறு கூட்டமொன்றில் 'தொழிற்சாலையும் உடலும்' பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். ஃபூக்கோ வந்தார். சங்கொலி, வரிசை, கண்காணிப்பு, பணியவைக்கப்பட்ட உடல் எல்லாம் வந்தன. பள்ளி கழித்துத் தள்ளிய பிள்ளைகளைத் தொழிற்சாலை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஷிஃப்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்து என் அக்கா மகனும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். வெளியே டீக்கடையில் கேட்டான்: "நல்லாத்தான் பேசுனீங்க மாமா. ஆனா நான் வேலை கத்துக்கிட்டத ஒரு எடத்துலயும் சொல்லலயே. எனக்கு லேத்து ஓட்டத் தெரியும்ல?"

அவனுக்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை. என் பேச்சில் அவனுக்கு ஓர் உடல் இருந்தது, ஒரு முதலாளி இருந்தார், சுரண்டல் இருந்தது. அவன் அறிந்த ஒன்று மட்டும் இல்லை. இந்த விடுபடல் என் ஞாபகமறதியால் நேர்ந்ததல்ல. இடதுசாரிச் சொல்லாடல், திராவிட இயக்கச் சொல்லாடல், நாம் தொண்ணூறுகளிலிருந்து சுமந்து வரும் கோட்பாட்டுச் சொல்லாடல் மூன்றும் சேர்ந்து உருவாக்கிய மௌனம் அது. அதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

அவன் கதை ஓசூர்ப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை. 2016-இல் பத்தாம் வகுப்பில் கணக்கிலும் ஆங்கிலத்திலும் தோற்றான். உடனடித் தேர்விலும் கணக்கு போனது. அக்கா அழுதாள். எம்.ஏ. தமிழ் படித்த மாமன் என்ற தகுதியில் நான் தீர்ப்புச் சொன்னேன்: "டுடோரியல்ல சேத்துவிடு. ஐ.டி.ஐ. பத்தியெல்லாம் இப்பப் பேசாதே." அவன் டுடோரியலுக்கு நாலு நாள் போனான். அப்புறம் சிட்கோ பக்கம் ஒரு லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்கப் போனான். இரும்புச் சுருள்களை வாரிக் கொட்டுவது, டீ வாங்கி வருவது, ராத்திரி எந்திரத்தைத் துடைத்து எண்ணெய் போடுவது. அங்கிருந்தபடியே மறுவருஷம் கணக்கை எழுதிப் பாஸ் செய்தான். டர்னர் பிரிவுக்குப் பத்தாவது தேர்ச்சி வேண்டும் என்று அந்தப் பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். பிறகு ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம், அப்புறம் ஒரு கம்பெனியில் அப்ரன்டிஸ், நடுவில் 2020 ஊரடங்கு. பழகுநர் காலம் முடிந்ததும் சான்றிதழைக் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள்.

வழி கண்டுபிடித்தது அவன். குறுக்கே நின்றது நான்.

2

ஐ.டி.ஐ. என்றதும் எனக்குள் ஏன் அப்படி ஒரு கூச்சம்? பாதிக் காரணம் கேவலமானது: கையில் கிரீஸ் படிந்த உறவினர் பட்டதாரியின் மரியாதையைக் குறைப்பார் என்ற பயம். அதை ஒப்புக்கொண்டு தாண்டிவிடலாம். மறுபாதிக் காரணம் மரியாதைக்குரியது. அதனால்தான் அது ஆபத்தானதும்கூட.

ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. இந்த எல்லையைத் தாண்டிப் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் படித்துச் சட்டம் பயின்று ஆட்சிக்கு வந்தவர், 1953-இல் சென்னை மாகாணக் கிராமத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கும் என்றார். பெரியார் அதைக் 'குலக்கல்வி' என்று அழைத்தார். அந்த ஒற்றைப் பெயரிடல் திட்டத்தின் உள்ளுறையைப் பிளந்து காட்டியது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை பள்ளிக்கூடத்துக்குப் போனதில் அந்தப் போராட்டத்துக்குப் பங்குண்டு. என் அப்பா அந்தத் தலைமுறை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குரு-சீடர் மரபு, குடும்பத் தொழில் போன்ற சொற்களைக் கண்டதும் தமிழ்நாடு சிலிர்த்துக்கொண்டது இந்த ஞாபகத்தால்தான். குடும்பத் தொழில் நிபந்தனையை எடு, குறைந்தபட்ச வயதை 18-லிருந்து 35 ஆக்கு என்று மாநில அரசு கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் அதே 1953-இல் எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூரில் இன்னொன்றும் நடந்தது. எச்.எம்.டி. நிறுவனம் பதிவானது. எந்திரம் செய்யும் எந்திரங்களைச் செய்வதற்கான ஆலை. அங்கே பழகுநராகச் சேர்ந்தவர்கள் கற்றது அப்பனிடம் கற்கக்கூடிய தொழிலல்ல. கடைசல் எந்திரத்துக்கு இந்தியாவில் குலம் கிடையாது. தச்சனுக்கும் கொல்லனுக்கும் குயவனுக்கும் சாதி உண்டு. டர்னருக்கும் மில்லருக்கும் கிரைண்டருக்கும் அப்படி ஒரு சாதியை மனு எழுதி வைக்கவில்லை. சாதி என்பது உழைப்புப் பிரிவினை மட்டுமல்ல, உழைப்பாளர்களின் பிரிவினையும்தான் என்று 1936-இல் அம்பேத்கர் வாதிட்டார். அந்த வாதத்தின்படி பார்த்தால், பிறப்பு தீர்மானிக்காத ஒரு கைத்திறனைப் பல சாதிப் பையன்கள் ஒரே பணிமேசையில் கற்பது குலக்கல்விக்கு நேரெதிரானது.

இங்கே ஒரு வழுக்கல் நிகழ்ந்திருக்கிறது. 'அப்பன் தொழிலைப் படி' என்பதை எதிர்த்த நாம், கொஞ்சம் கொஞ்சமாக 'தொழில் படி' என்பதையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டோம். எதிர்த்த மேலாண்மை எது, இழந்த இடம் எது என்று பிரித்துப் பார்க்கவில்லை. மூளைக்கு மேலிடம், கைக்குக் கீழிடம் என்ற பார்ப்பனியப் படிநிலை, பார்ப்பனிய எதிர்ப்பின் பெயரிலேயே நம் வீடுகளுக்குள் வந்து குந்திக்கொண்டது. அன்று அக்காவிடம் நான் சொன்ன தீர்ப்பில் அது இருந்தது.

சாதி ஐ.டி.ஐ. வாசலோடு நின்றுவிடுகிறது என்று சொல்லவில்லை. யார் பத்தாவதில் தோற்கிறார்கள், தோற்றபின் யாருக்கு மறுபடி உட்கார வசதியிருக்கிறது, கம்பெனிக்குள் யாருக்குச் 'சொல்லிவிட' ஆள் இருக்கிறது என்பதிலெல்லாம் சாதி இருக்கிறது. ஆனால் அது கதவில் நிற்கும் சாதி. தொழிலின் உள்ளே எழுதப்பட்ட சாதி அல்ல. இரண்டையும் குழப்பினால் கதவை உடைப்பதற்குப் பதில் வீட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டு வருவோம்.

3

சரி, அவன் என்ன கற்றான்?

முதல் மாதங்களில் அரம். ஒரு மென்னிரும்புத் துண்டைத் தேய்த்துச் சமதளமாக்க வேண்டும். மட்டத்தை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் இடுக்கு வழியே ஒளி தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி. பார்ப்பவருக்கு இது தண்டனை மாதிரி இருக்கும். என் கூட்டத்து உரையில் இதை 'ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்' என்றிருப்பேன். அவன் சொன்னது வேறு: "கை தானா ஒரு பக்கம் சாயும் மாமா. நம்ம கை சாயுதுன்றதே அரத்தப் புடிச்சாத்தான் தெரியும்."

அப்புறம் வெர்னியர். முக்கிய அளவுகோலில் 49 மில்லிமீட்டர் நீளத்தை நகரும் அளவுகோலில் 50 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு 0.98. ஒரு மில்லிமீட்டரிலிருந்து கழித்தால் 0.02. அதுதான் அந்தக் கருவி பார்க்கக்கூடிய மிகச் சிறிய வித்தியாசம். தசமத்தில் தோற்றவன் இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். டேப்பர் கடைவது இன்னும் சுவாரசியம். 40 மில்லிமீட்டர் விட்டம் 50 மில்லிமீட்டர் நீளத்தில் 30-ஆகச் சரிய வேண்டுமென்றால், இரண்டு விட்டங்களின் வித்தியாசத்தை நீளத்தின் இருமடங்கால் வகு. 10-ஐ 100-ஆல் வகுத்தால் 0.1. எந்தக் கோணத்துக்கு டேன் 0.1 என்று அட்டவணையில் பார். ஏறக்குறைய 5 பாகை 43 கலை. அந்தக் கோணத்துக்கு மேல்தாங்கியைத் திருப்பி வைத்துக் கடைய வேண்டும். பத்தாம் வகுப்பில் முக்கோணவியல் என்றாலே பக்கத்தைப் புரட்டிவிட்ட பையன் இதைத் தினம் நாலு தரம் செய்கிறான்.

பள்ளியில் அந்த டேன், மார்க்குக்காக இருந்தது. தப்பாகப் போட்டால் சிவப்பு மை, அதோடு சரி. பட்டறையில் தப்பாகப் போட்டால் இரண்டு உருப்படிகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்காது. தப்பு எங்கே என்று பொருளே சொல்லும்; திருத்திக்கொள்ள அடுத்த துண்டு இருக்கிறது. 1991-இல் ஜீன் லேவும் எட்டியன் வெங்கரும் எழுதிய சிறு நூலொன்று, கற்றல் என்பது தலைக்குள் தகவல் போவதல்ல, செய்பவர்களின் கூட்டத்தில் ஓரத்திலிருந்து படிப்படியாக உள்ளே நகர்வது என்று வாதிடுகிறது. சுருள் கூட்டியவன் முதலில் எந்திரத்தைத் துடைத்தான், பிறகு உருப்படியைக் கழற்றினான், பிறகு மாட்டினான், பிறகு ஒருநாள் பட்டறைக்காரர் சாப்பிடப் போனபோது ஓட்டினான். கோட்பாடு தெரியாமலே கோட்பாட்டின்படி நகர்ந்தான்.

மொழியும் அப்படியே. எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதே வருஷத்துப் பிள்ளை இவன். தமிழ்வழியில் படித்ததால் தப்பித்தான். தெலுங்குவழி, கன்னடவழி, உருதுவழிப் பிள்ளைகளில் பலர் உயர்நீதிமன்றத்துக்குப் போய்த்தான் விலக்குப் பெற்றார்கள். தமிழைக் கற்பிக்க ஆசிரியர் போதாமல் தமிழில் தேர்வு மட்டும் வைப்பது மொழிப்பற்று ஆகுமா என்பதைத் தமிழ் படித்தவர்கள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். நாம் கேட்கவில்லை. இப்போது இவன் வேலை செய்யும் இடத்தில் தெலுங்கு, தமிழ், கன்னடம், இந்தி நாலும் ஒரே ஷிஃப்டுக்குள் புழங்குகின்றன. ஆங்கிலத்தில் தோற்றவன் ஆங்கில வரைபடத்தைப் படிக்கிறான். பள்ளி மொழியை வாசற்காவலாக வைத்தது; பட்டறையில் அது வேலைக்கான சாமான்.

4

இதையெல்லாம் சொன்னால், "பட்டறையைப் புனிதப்படுத்துகிறீர்கள் தோழர்" என்பார்கள். அந்த எச்சரிக்கை தேவைதான்.

பால் வில்லிஸ் 1977-இல் எழுதிய 'உழைக்கக் கற்றல்' நூலை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் ஒரு தொழில் நகரத்தில் பன்னிரண்டு பையன்களைப் பின்தொடர்ந்து எழுதியது. அந்தப் பையன்கள் பள்ளியை எள்ளி நகையாடுகிறார்கள், வாத்தியாரை மதிப்பதில்லை, கையுழைப்பை ஆண்மையின் பெருமையாகக் கொண்டாடுகிறார்கள். அந்தக் கலகமே அவர்களை அப்பன்கள் நின்ற அதே ஆலை வாசலில் கொண்டுபோய் விடுகிறது என்பது வில்லிஸின் துயரமான கண்டுபிடிப்பு. நம் பையனை இதற்குள் திணித்துப் பார்த்தேன், பொருந்தவில்லை. இவன் பள்ளியை நிராகரிக்கவில்லை. பள்ளி இவனை நிராகரித்தது. கையுழைப்பு இவனுக்குப் பெருமையாக வரவில்லை, வெட்கமாக வந்தது. தெருவில் கேட்பவர்களிடம் அக்கா பல மாதம் "கம்ப்யூட்டர் படிக்கிறான்" என்று சொல்லி வந்தாள். சாதிச் சமூகத்தில் கையுழைப்புக்கு ஆண்மையின் ஒளிவட்டம் கிடையாது, தீட்டின் நிழல்தான் உண்டு. ஆகவே இங்கே கலகம் இன்னொரு இடத்தில் நடக்கிறது. வெட்கத்தோடு உள்ளே போனவன் வெட்கத்தைக் கழற்றிவிட்டு வெளியே வருகிறானே, அந்த இடத்தில்.

கிராம்சி சிறைக் குறிப்புகளில் தொழிற்பள்ளிகள் பெருகுவதைப் பற்றிக் கவலைப்பட்டார். வர்க்கத்துக்கு ஒரு பள்ளி என்று பிரித்தால் சமூக வித்தியாசங்கள் நிரந்தரமாகிவிடும், எல்லோருக்கும் பொதுவான பள்ளி வேண்டும் என்றார். இதிலிருந்து நான் விலகவில்லை. ஆனால் அந்தப் பொதுப் பள்ளி இன்னும் வரவில்லை. இருக்கிற பள்ளி வருஷா வருஷம் பிள்ளைகளை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. வெளியே நிற்பவனிடம் பொதுப் பள்ளி வரும்வரை பொறு என்று சொல்வது அரசியலாகாது.

இன்னொரு பக்கம் வெற்றிக் கதைகளின் வியாபாரம். பள்ளியை விட்டு ஓடி, ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி அக்கக்காகப் பிரித்துப் போட்ட ஜி.டி. நாயுடுவின் கதை தன்னம்பிக்கைப் பேச்சாளர் வாயில் ஓயாமல் அரைபடுகிறது. பள்ளி விட்டவனெல்லாம் நாயுடு ஆகலாம் என்பதில், ஆகாதவன் தப்பு அவனுடையது என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. தொழிற்கல்விக்கு இத்தனை ஆண்டு எதற்கு, குறைந்த காலத்தில் கற்பிக்க முடியும் என்று அவர் அரசோடு மல்லுக்கட்டியதை அந்தப் பேச்சாளர்கள் சொல்வதில்லை. அந்த நாயுடுதான் நமக்கு வேண்டியவர்.

5

இப்போது சட்டத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். இலக்கியம் படித்தவனுக்குச் சட்டத்தில் முதலில் கண்ணில் படுவது அடைப்புக்குறிகள்தான்.

1947-ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம் 'தொழிலாளி' யார் என்று வரையறுக்கும் இடத்தில் ஒரு அடைப்புக்குறி போட்டு, பழகுநர் உட்பட என்றது. 1961-இல் பழகுநர் சட்டம் வந்தது. அதன் 18-ஆம் பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர், தொழிலாளர் சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்றது. 2020-இல் நிறைவேறி 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் தொழிலாளி வரையறையில் அதே இடத்தில் அடைப்புக்குறி இருக்கிறது. உள்ளே இருக்கும் சொல் மட்டும் மாறிவிட்டது: பழகுநர் நீங்கலாக. முக்கால் நூற்றாண்டில் அந்தப் பையன் அதே அடைப்புக்குறிக்குள்தான் நிற்கிறான். 'உட்பட' என்பது 'நீங்கலாக' ஆகிவிட்டது.

1961 சட்டத்துக்குள்ளேயே ஒரு முரண் உண்டு. 14-ஆம் பிரிவின்படி உடல்நலம், பாதுகாப்பு விஷயத்தில் தொழிற்சாலைச் சட்டத்தின் அத்தியாயங்கள் பழகுநருக்கு, அவர் தொழிலாளி என்பது போலவே பொருந்தும். 16-ஆம் பிரிவின்படி காயம்பட்டால் தொழிலாளர் இழப்பீட்டு விதிகள்படி நட்டஈடு உண்டு. அதாவது, விரல் போனால் அவன் தொழிலாளி. சம்பளம் கேட்டால் மாணவன். சட்டம் தன்னையறியாமல் ஒப்புக்கொள்கிற இடம் இது. எந்திரத்தின் முன் நிற்கும் உடல் யாருடையது என்று அதற்குத் தெரிந்தே இருக்கிறது.

இதைவிடக் கவனிக்க வேண்டியது உதவித்தொகை. 2014-இல் திருத்திய விதிகள் பழகுநரின் தொகையை அரைத்திறன் தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியோடு கட்டி வைத்தன: முதலாண்டு 70 விழுக்காடு, இரண்டாமாண்டு 80, அதன்பின் 90. குறைவுதான், ஆனால் அளவுகோல் கூலி. 2019 விதித் திருத்தம் அளவுகோலையே மாற்றியது. ஐந்திலிருந்து ஒன்பதாவது வரை படித்தவருக்கு மாதம் 5000, பத்தாவதுக்கு 6000, பட்டதாரிக்கு 9000 என்று பள்ளி ஏணி ஆலைக்குள் நுழைந்தது. எந்தப் பள்ளி அவனைத் தோற்றவன் என்றதோ அதன் வகுப்பெண்தான் இப்போது உழைப்பின் விலையையும் குறிக்கிறது. பள்ளியிலிருந்து தப்பி வந்தவனைப் பள்ளி பின்னாலேயே வந்து பிடித்துக்கொள்கிறது.

அதே 2019-இல்தான் முப்பது பேர் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும் பழகுநர் கட்டாயமானது. உச்சவரம்பு 10 விழுக்காட்டிலிருந்து 15-ஆனது. கற்கும் இடங்கள் கூடுவது நல்லதுதானே என்று தோன்றும். கற்பிக்கும் இடம் கூடியதா, அடைப்புக்குறிக்குள் நிற்பவர்கள் கூடினார்களா என்பதே கேள்வி. 2014 வரை சட்டத்தை மீறும் முதலாளிக்குச் சிறைத்தண்டனை ஏட்டிலாவது இருந்தது. அதன்பின் அபராதம் மட்டும். பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கடமை முதலாளிக்கு என்றைக்கும் இருந்ததில்லை. மற்றவை சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரலாம் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேசப் போக்குவரத்துக் கழக வழக்கில் சொன்னது. அதோடு சரி.

மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்று வருஷம் அடைத்து வைத்தபோதும் பயன்பட்ட சொல் இதே 'அப்ரன்டிஸ்' தான். அவர்களுக்குக் கற்றுக்கொள்ள மூன்று வருஷத் தொழில் அங்கே இல்லை. இந்தச் சொல்லை நாம் சந்தேகிக்கப் பழகியது அதனால்தான். ஆனால் மோசடி, சொல்லின் உள்ளடக்கத்தைத் திருடியதில் இருக்கிறது; திருட்டுப் போன பொருளையே வெறுத்துவிட்டால் திருடனுக்குத்தான் சௌகரியம்.

ஜெர்மனியின் 1972-ஆம் ஆண்டு ஆலைக்குழுச் சட்டம் பழகுநரைத் தொழிலாளர் என்ற சொல்லுக்குள்ளேயே வைக்கிறது. அவர்கள் தங்களுக்கெனப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம். வாரத்தில் சில நாள் பள்ளி, சில நாள் ஆலை. அங்கும் பத்து வயதிலேயே பிள்ளைகளைத் தரம் பிரிக்கும் கொடுமை உண்டு, நகலெடுக்கச் சொல்லவில்லை. மாணவனாகவும் தொழிலாளியாகவும் ஒருவன் ஒரே நேரத்தில் இருப்பது நடக்கக்கூடிய காரியம் என்பதற்கு ஒரு சாட்சி, அவ்வளவே. தமிழில் 'பழகுநர்' நல்ல சொல். பழகுதல் என்றால் பயிலுதல், கூடியிருத்தல், நெருங்குதல் எல்லாம் உண்டு. 'தொழிலாளி அல்லர்' என்ற பொருள் மட்டும் அதில் எங்கும் இல்லை. அதைச் சட்டம்தான் ஏற்றி வைத்தது.

தொழிற்சங்கத் தோழர்களிடம் ஒரு கேள்வி: வாயிற்கூட்டத்தில் பழகுநர்களை 'நிரந்தர வேலையை விழுங்க வந்தவர்கள்' என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களைச் சங்கத்துக்கு வெளியே வைத்தது முதலாளியின் அடைப்புக்குறி. அதை நாமும் போட வேண்டுமா?

6

கடைசியாக நம் இலக்கியம். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' 1953-இல் வந்தது. அதே வருஷம்! நெசவாளியின் பசியை அது எழுதியது. பெருமாள்முருகனின் 'நிழல் முற்றம்' (1993) திரையரங்கில் எடுபிடியாக வாழும் பையன்களை எழுதியது. தொழிலே இல்லாத, வெறும் வேலை மட்டும் உள்ள உலகம் அது. 'கூள மாதாரி' (2000) வேறு வகை. அடிமைப்பட்ட ஆடு மேய்க்கும் பையனுக்கு ஆட்டைப் பற்றி, காட்டைப் பற்றி என்னவெல்லாம் தெரியும் என்று அது காட்டியது. சுரண்டப்படுபவன் அறிந்தவனும்கூட என்பதை வாசகன் மறக்க முடியாதபடி செய்தது. ஆலைப் பையனுக்கு அப்படியொரு நாவல் நான் வாசித்த வரையில் இல்லை. நம் கதைகளில் தொழிலாளி பசிக்கிறான், போராடுகிறான், கை துண்டாகிறான். உருப்படியை விரலால் தடவி இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு நொடி எழுதப்படவில்லை. எழுத நமக்குச் சொற்களும் தெரியாது. ஓசூரைச் சுற்றி ஆலைகள் எழுந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஆதவன் தீட்சண்யா இங்கிருந்து 'புதுவிசை' நடத்தினார்; கூர்மையான எழுத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனாலும் பணிமேசை பக்கத்துக்கு வரவில்லை. ஆகவே வேண்டுகோள்: பழகுநர்களைப் பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். அவர்களுக்காக நாம் எழுதுவதற்கு முன் அவர்கள் சொல்வது அச்சில் வரட்டும்.

அக்கா மகன் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சி.என்.சி. பட்டறையில் இருக்கிறான். தினம் அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிறான். போன மாதம் அவனைப் பார்க்கப் போனேன். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் அவனுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்திருந்தான். சுருள் வாரிக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு எப்ப லேத்து குடுப்பே?" என்றேன்.

"மொதல்ல கூட்டட்டும் மாமா. நானும் அப்படித்தானே வந்தேன்."

"நீ கூட்டுனது கத்துக்கிறதுக்கா, இல்ல அவங்களுக்கு ஆள் வேணும்ன்றதுக்கா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அந்தப் பையனை அரைகுறை இந்தியில் கூப்பிட்டு, வெர்னியரை அவன் கையில் கொடுத்து, வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னான்.